அசையாத தண்ணீர்

என்னிடம் சந்தேகத்தின் ஆவி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னபோது நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எந்த ஆவி?" என்றேன்.

"சந்தேகத்தின் ஆவி, மாமா."

"யார் சொன்னது?"

"பிரதருக்கு வெளிப்பட்டுச்சு."

"வடிகட்டிக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். நான் அடுத்த விரலுக்குப் போனேன்.

முப்பத்துநாலு வருஷம் ஆவியோடு வேலை பார்த்தவன் நான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பாய்லர் ஆபரேட்டர். படுக்கைவிரிப்பும் டாக்டர்களின் பச்சைத் துணியும் வெந்து வெளுத்து, உருளையில் ஏறி, சுருக்கமில்லாமல் வருவது நாங்கள் கொடுக்கிற ஆவியால்தான். அங்கே யாரும் நீராவி என்று முழுதாகச் சொல்வதில்லை. ஆவி வந்துச்சா, ஆவிய மூடு, அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வந்த ஒரு விசுவாசி அம்மா முதல் நாள் நான் "ஆவி இறங்கிருச்சு" என்றதைக் கேட்டு "ஸ்தோத்திரம்" என்று கையைத் தூக்கிவிட்டாள்.

அங்கே எனக்கு வைத்திருந்த பெயர் 'பாப்போம்'. யார் எதைச் சொன்னாலும் நான் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன். வால்வு மாற்றியாயிற்று என்பான் ஃபிட்டர். பாப்போம். தண்ணீர் இருக்கிறது என்பான் முந்தின ஷிஃப்ட்காரன். பாப்போம். அப்படிப் பார்த்ததால்தான் என் காலத்தில் அந்த அறையில் ஒருவனும் வெந்து சாகவில்லை. நான் ஓய்வு பெற்றதும் மாப்பிள்ளைக்கு அந்த வேலை கிடைத்தது. நான்தான் போய்ச் சொன்னேன். மனைவி போன பிறகு அவர் வீட்டில்தான் இருக்கிறேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. சின்ன அறை எனக்கு.

வடிகட்டி என்று நான் சொல்வது மாப்பிள்ளையின் ஜெபக்குழுவை நடத்துகிறவரை. முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். எங்களுக்கும் ஒன்று விற்றார். அது இன்னும் நன்றாக ஓடுகிறது, உள்ளதைச் சொல்ல வேண்டும். இப்போது வீடானாலும் வேலையானாலும் தினமும் காலை ஆறரைக்கு மாப்பிள்ளையின் போனில் அவர் குரல் வரும். இன்னாருக்குச் சோம்பல் ஆவி, இன்னார் கடையில் தடை ஆவி என்று பெயர் பெயராகச் சொல்வார். காசு கேட்கிற ஆளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் ஒரு பைசா கேட்டதில்லை. ஜெபிக்கும்போது அழுவார், அதுவும் உண்மையான அழுகை. அதனால்தான் அந்த மனிதர் எனக்குப் பிடிபடவே இல்லை.

பிசாசு கிடையாது என்று சொல்கிற கட்சி அல்ல நான். இருக்கிறான். எழுபது வயதுக்குள் அவன் வேலையை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் அவன் இருக்கிறான் என்பதற்காக, இதோ இங்கே இருக்கிறான் என்று விரல் நீட்டுகிறவனையெல்லாம் நம்ப வேண்டும் என்று இல்லையே.

"சரி, அந்த ஆவி என்ன பண்ணுதாம்?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "முன்னாடி ரெண்டு தடவ தங்காமப் போச்சுல்ல. அதுக்கு இந்த வீட்டுல இருக்கிற சந்தேக ஆவிதான் காரணம்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழம வந்து அந்த ஆவியக் கட்டி ஜெபிக்கிறேன்னாரு. அது போகலன்னா, மூணாவது நல்லபடியா பொறக்குற வரைக்கும் நீங்க வேற எங்கயாவது இருந்தா நல்லதுன்னு..."

"எந்த மூணாவது?"

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் முகம் மாட்டிக்கொண்டவர் முகமாக ஆயிற்று.

"நாலு மாசம் முடிஞ்சிருச்சு மாமா. உங்களுக்குச் சொல்லல."

நகவெட்டியைக் கீழே வைத்தேன். ஒரே வீடு, ஒரே கழிவறை, ஒரே மேசை. நாலு மாதம். மகள் தொளதொள சட்டையில் நடமாடுவதை வெயிலுக்கு என்று நினைத்திருக்கிறேன். பார்ப்போம் பார்ப்போம் என்று ஊரெல்லாம் சொன்னவன் வீட்டில் பார்த்த லட்சணம் இது.

"ஏம்மா எனக்குச் சொல்லல?" என்று அடுப்படிப் பக்கம் கேட்டேன்.

மகள் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "சொன்னா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்பா."

எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை. நான் கூடத்துக்கு வந்தால் மகள் அறைக்குள் போவாள். அவள் கோபத்தில் போகவில்லை. பயந்து போனாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துப் பயப்பட இந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு எனக்கே பயம் வந்தது. ஒருவேளை இருந்தால்? ஆவிகளைச் சோதித்துப் பார் என்றுதான் வேதமும் சொல்கிறது. பாய்லரைச் சோதிக்க எனக்குத் தெரியும். எனக்குள் இருப்பதை எந்தக் குழாயைத் திறந்து சோதிப்பது? மூன்றாவதும் போனால், இருந்ததோ இல்லையோ, இந்த வீட்டில் யார் முகத்தில் விழிப்பது?

எங்கள் சபை நடத்துகிற முதியோர் விடுதியில் விசாரித்தேன். ஒரு கட்டில் காலியாக இருந்தது. வியாழக்கிழமை காலை இரண்டு சட்டை, ஒரு போர்வை, மாத்திரை டப்பா, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பத் தைரியம் இல்லை. வீட்டுச் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பாய்லர் அறைக்குப் போனேன்.

எட்டே முக்கால் இருக்கும். அறை அதே சூடு, அதே எண்ணெய் வாடை. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தார். வீட்டில் அந்த முகத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"வாங்க மாமா. நல்ல நேரத்துல வந்தீங்க. இதப் பாருங்க."

பாய்லர் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். இரண்டு இருக்க வேண்டும். வலது பக்கம் விரிசல் விட்டு மூடிக் கிடந்தது. தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரமும், தானாகத் தண்ணீர் ஏற்றுகிற பம்பின் ஆட்டோமேட்டிக்கும் ஒரு மாதமாகக் கெட்டுக் கிடந்தன. சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, ஆள் வரவில்லை. அதனால் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, மாப்பிள்ளை கையால்தான் பம்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் காட்டிய இடது கண்ணாடியில் தண்ணீர் சரியாகப் பாதியில் நின்றது.

"எட்டு மணியிலேர்ந்து ஒரு நூல் கூட எறங்கல. நான் பம்பே போடல மாமா. வியாழக்கிழம உன் வேலை எடத்துல ஒரு அடையாளம் காண்பேன்னு பிரதர் சொல்லியிருந்தாரு. குழுவுல சாட்சி போட்டுட்டேன். முப்பது பேரு ஆமென் போட்டுட்டாங்க."

நான் பையைக் கீழே வைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நெருப்பு எரிகிற பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. கண்ணாடியில் அது சும்மா நிற்காது. லேசாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாமல் நிற்கிற தண்ணீர் பாய்லரோடு தொடர்பு அறுந்த தண்ணீர். கீழ்த்துளையில் அழுக்கு அடைத்துக்கொண்டால் அப்படி ஆகும். உள்ளே வற்றிக்கொண்டு போகும். கண்ணாடியிலோ மேலே இருக்கிற ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கி அளவு குறையாமல் காட்டும். சுத்தமான தண்ணீர்தான், பார்க்க அழகாக இருக்கும். காட்டுவது மட்டும் பொய்.

"காலையில கண்ணாடிய ஊதி விட்டீங்களா?" என்றேன்.

"ஆறரைக்கு ஜெபம் மாமா. அது முடிஞ்சதும்..."

"ஊதினீங்களா இல்லையா?"

"இல்ல."

கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் கண்ணாடியில் இருப்பது சீறிக்கொண்டு வெளியே போகும். மூடினால் பாய்லரிலிருந்து தண்ணீர் சட்டென்று திரும்பி ஏற வேண்டும். ஏறினால் கண்ணாடி உண்மை சொல்கிறது. ஷிஃப்ட் ஏறியதும் முதல் வேலை அதுதான். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திறந்தேன். இருந்ததெல்லாம் சீறிப் போயிற்று. மூடினேன்.

ஏறவில்லை.

கம்பி விட்டுக் கீழ்த்துளையைக் குத்திவிட்டு மறுபடி திறந்து மூடினேன். வெறும் ஆவி அடித்தது. கண்ணாடி காலி.

மாப்பிள்ளையின் கை பம்பு ஸ்விட்சுக்குப் போயிற்று. அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. காய்ந்து பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாய்லர் மட்டும் போகாது. சுவரும் போகும், சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடிக்கிற பதினோரு பெண்களும் போவார்கள்.

"தீய நிறுத்துங்க. ஆவிய மூடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

நிறுத்தினார், மூடினார். அந்தப் பெண்களை வெளியே அனுப்பினோம். பிறகு இரண்டு பேரும் முற்றத்தில் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றோம். அன்று இரண்டு மெஷின் மட்டும் ஓடியதால் ஆவி கொஞ்சமாகத்தான் செலவாகியிருந்தது. அதனால்தான் நிற்க எங்களுக்குக் கால் இருந்தது.

"சாட்சி போட்டுட்டேனே மாமா," என்றார்.

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல எஞ்சினியருக்குப் போன் போடுங்க."

போட்டார். பிறகு வடிகட்டிக்கும் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றதால் அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "பிரதர், அடையாளம் உண்மைதான். அந்த ஆவி உள்ள வந்தப்பதான் தண்ணி வத்தியிருக்கு. உங்க மாமா எத்தன மணிக்கு வந்தாரு?"

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு என் பையைப் பார்த்தார். "இது என்ன பை?"

"சாவி குடுக்க வந்தேன்."

அவர் சாவியை வாங்கவில்லை. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழம வரைக்கும் இருங்க மாமா. அவ நம்புறா. நானும் இன்னும் பாதி நம்புறேன். நீங்க போயிட்டா எது உண்மைன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்."

ஞாயிறு மதியம் வடிகட்டி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் வேதம். வடிகட்டி விற்க வந்தபோது செய்த மாதிரியே செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டார். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சொல்வதற்கு முன் நானே போய் உட்கார்ந்தேன். மகள் சுவரோரமாக நின்றாள்.

"ஐயா, பயப்படாதீங்க," என்றார்.

"நான் பயப்படல. நீங்க உக்காருங்க, டீ வரும்."

டீ வந்தது. அவர் அதைத் தொடாமல் என் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். நீளமான ஜெபம். கண்ணீர் என் வழுக்கையில் விழுந்தது. சந்தேகத்தின் ஆவியே போ என்றார். மூன்று முறை சொன்னார். எனக்குள் எதுவும் புரளவில்லை. ஆனால் நான் கண்ணை மூடி நிஜமாகவே காத்திருந்தேன். இருந்தால் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"போகல," என்றார் கடைசியில், களைத்துப் போய். "புடிவாதமான ஆவி."

"பிரதர், நீங்க என்னச் சோதிச்சுட்டீங்க. நான் உங்களக் கொஞ்சம் சோதிக்கலாமா?" என்றேன்.

"என்ன சோதன?"

"பெருசா ஒண்ணும் இல்ல. அந்த அடையாளம் தப்புன்னு ஆகியிருந்தா எத வச்சுத் தெரிஞ்சிருக்கும்? தண்ணி நின்னாலும் நீங்க சொன்னது சரி. வத்தினாலும் சரி. நான் இந்த வீட்டுல இருந்தாலும் சரி, போனாலும் சரி. தப்புன்னு தெரிய வழி எது?"

அவர் கையை எடுத்தார். முகம் மாறியது. "ஊழியக்காரனைச் சோதிக்கிறது கர்த்தரைச் சோதிக்கிறதுக்குச் சமம் ஐயா. இதான் அந்த ஆவி பேசுற பேச்சு."

சுவரோரம் மாப்பிள்ளை மெல்ல அசைந்தார்.

"இல்ல பிரதர்," என்றார். "கண்ணாடிய ஊதிப் பாத்தா பாய்லருக்கு அவமானம் இல்ல. ஊதக் கூடாதுன்னு சொல்ற கண்ணாடிய வச்சுகிட்டுதான் வேல பாக்க முடியாது."

"என்ன சொல்றீங்கன்னு புரியல."

"பரவாயில்ல. டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகளிடம் திரும்பினார். "சிஸ்டர், மூணாவதும் போனா அப்ப எங்கிட்ட வராதீங்க."

அந்த ஆள் மோசக்காரர் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். அழுதது உண்மை. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கேயோ அடிக்கடி கேட்ட குரல் மாதிரி இருந்தது.

கதவைச் சாத்தியதும் மாப்பிள்ளை காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மகள் அதே இடத்தில் நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து நான் ஆறின டீயை எடுத்தேன்.

"அவர் சொன்னது பொய்யாவே இருக்கட்டும்பா," என்றாள். "நீங்க சொன்னது?"

"நான் என்ன சொன்னேன்?"

"மொத தடவ. நான் ஓடி வந்து உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். அம்மாகிட்டகூட இல்ல, உங்ககிட்டதான் சொல்லணும்னு. நீங்க பேப்பர்லேர்ந்து தலையத் தூக்காம, 'பாப்போம், தங்குதான்னு' சொன்னீங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ரெண்டாவது தடவ நீங்க வாயத் தொறக்கல. ஆனா நான் தொட்டில் விலை கேட்டப்ப, இப்ப என்ன அவசரம்னீங்க. ஒவ்வொரு வலிக்கும் எனக்கு அதுதான் காதுல கேட்டுச்சு. தங்குதான்னு பாப்போம், தங்குதான்னு பாப்போம்னு. அதான் அவர் வந்து ஒங்கப்பாவோட ஆவின்னு சொன்னதும் ஈசியா நம்பிட்டேன்."

இரண்டு குழந்தைகளும் என் வார்த்தையால் போகவில்லை. டாக்டர் காரணம் சொன்னார், காகிதம் இருக்கிறது. அதையே திருப்பிச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். பாதிக் கண்ணாடி சுத்தமான தண்ணீர் மாதிரி உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷம் வரும்போது ஆடக்கூட ஆடாமல், பாதியிலேயே நின்றுகொண்டு, எல்லோருக்கும் அளவு காட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். பாய்லருக்குச் சொல்ல வேண்டிய சொல்லை என் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த இடைவெளியில் நுழைந்து உட்காரப் பிசாசுக்கு வேறு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

வடிகட்டி ஆளைச் சரியாகத்தான் காட்டினார் போலிருக்கிறது. வைத்தியம்தான் தப்பு.

நாற்காலியிலிருந்து இறங்கினேன். எனக்கு மற்றவர்கள் முன்னால் ஜெபித்துப் பழக்கம் இல்லை. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் கேட்டால் ஆயரைக் கை காட்டிவிடுவேன். தரையில் முழங்கால் போட்டேன். ஒரு முட்டி சத்தம் போட்டது.

"ஆண்டவரே, நான் சொன்னது தப்பு. என் பிள்ள சந்தோஷமா வந்தப்ப நான் அப்படிச் சொன்னேன். அந்தச் சொல்ல எடுத்துப் போடும். இந்தப் பிள்ள தங்கணும். ஆமென்." அவ்வளவுதான் வந்தது.

மகள் பக்கத்தில் வந்தாள். "எந்திரிக்க முடியுமாப்பா?" என்றாள்.

"முடியல. கை குடு."

கொடுத்தாள். அந்த வாரத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. என் பை அவர்கள் அறைக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அவளே எடுத்து வந்து சட்டைகளை அலமாரியில் அடுக்கினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது தினமும் காலை ஆறரைக்கு மாப்பிள்ளையின் குரல் என் போனில் வருகிறது. "ஊதியாச்சு மாமா. ஏறுச்சு." வேறு ஒன்றும் இருக்காது. புதுக் கண்ணாடியும் அலாரமும் போட்டுவிட்டார்கள். இருந்தாலும் ஊதுகிறார். குழுவில் அவர் தன் சாட்சி தப்பு என்று எழுதினார். இரண்டு பேர் ஆமென் போட்டார்கள். மீதிப் பேர் ஒன்றும் போடவில்லை. பிறகு அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நேற்று நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, அசையுது. இப்பதான், நல்லாத் தெரிஞ்சுது."

அந்த வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுபது வருஷப் பழக்கம், அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போகாது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். பேப்பரைக் கீழே வைத்தேன்.

"அசையட்டும்மா. நல்லா அசையட்டும். தொட்டில் விலை கேட்டுட்டு வரட்டுமா?"

சொன்னதை நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். மீதிப் பாதிக்காகத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன். முட்டி வலிக்கிறது.